பார்க்கிற கண்ணில் கத்தி: கண் அழுத்த நோயும் வள்ளுவர் சொன்ன கணக்கும்

கண் அழுத்த நோய்க்கான அறுவை நோயாளிக்குப் புதிதாக எதையும் கொடுப்பதில்லை. புரை எடுத்தால் மறுநாளே சுவர்க் கடிகாரம் தெளிவாகத் தெரிகிறது. கிளாக்கோமா என்று மருத்துவர்கள் சொல்லும் அழுத்த நோயில் போன பார்வை போனதுதான். அறுவை செய்வது மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற. அந்த மிச்சத்தையே பணயம் வைத்துத்தான் அதைக் காப்பாற்றவும் வேண்டியிருக்கிறது. வலி இல்லை, செய்தித்தாள் படிக்க முடிகிறது, தெருவைக் கடக்க முடிகிறது. அப்படிப்பட்ட ஒரு கண்ணில், பத்தாண்டு கழித்து வரக்கூடிய இருட்டைக் காரணம் காட்டி இன்று கத்தி வைக்கலாமா? வைக்கலாம் என்றால் எந்த அறுவை? மருத்துவ நூல்கள் இரண்டாவது கேள்விக்கு நிறைய எண்கள் தருகின்றன. முதல் கேள்வி எண்களால் மட்டும் தீராது. அது அறம் பற்றியது. எதை வைத்து ஒன்றை அறிந்ததாகக் கொள்கிறோம் என்பதைப் பற்றியதும்கூட.

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் வாழ்கிறவர்களுக்கு இந்த நோயின் இயக்கத்தை விளக்குவது எளிது. ஏரிக்கு வரத்துக்கால் ஒருபுறம், மிகுதி நீர் வழிந்தோடும் கலங்கல் இன்னொருபுறம். வரத்து நிற்காமல் கலங்கல் அடைபட்டால் நீர் கரையை அழுத்தும். கண்ணுக்குள்ளும் ஒரு நீர் ஓயாமல் சுரக்கிறது. நிமிடத்துக்கு 2 முதல் 3 மைக்ரோலிட்டர்தான். கருவிழியின் உட்புறத்தையும் வில்லையையும் ஊட்டி வளர்ப்பது அதுவே. கருவிழியும் வெண்விழியும் சேரும் மூலையில் உள்ள சல்லடைத் திசு வழியாக அது வெளியேறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சல்லடை தூர்ந்துபோனால் உள்ளழுத்தம் ஏறும். பாதரச அளவில் 10 முதல் 21 மில்லிமீட்டர் வரை இயல்பு என்பது வழக்கமான கணக்கு. அந்த எல்லைக்குள் இருந்தும் நரம்பு கெடுகிறவர்கள் பலர். அடிபடுவது கண்ணின் பின்புறம் உள்ள பார்வை நரம்பு. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இழைகள் கொண்ட அந்த நரம்பில், ஓரப் பார்வைக்குரிய இழைகள் முதலில் சாகின்றன. செத்த இழை மீண்டும் முளைப்பதில்லை.

செய்யக்கூடியது ஒன்றுதான்: அழுத்தத்தைக் குறைப்பது. சொட்டு மருந்து, லேசர் ஆகியவற்றுக்குக் கட்டுப்படாதபோது அறுவை. கரையில் புதிதாக ஒரு மதகு வைப்பது ஒரு வழி. குழாய் பதித்து நீரைத் தொலைவில் கொண்டுபோய் விடுவது இன்னொரு வழி. சுரக்கும் திசுவையே லேசரால் சுட்டு நீர்வரத்தைக் குறைப்பது மூன்றாவது. மூன்றாவதைப் பெரும்பாலும் பார்வை மங்கிப்போன கண்களுக்கு என்றே ஒதுக்கி வந்திருக்கிறார்கள். வாதம் முழுவதும் முதல் இரண்டுக்கும் இடையில்.

எந்த அறுவை என்பதற்கு முன்னால், நோயாளி தன் நோயை எப்படி அறிகிறார் என்பதைப் பார்க்க வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், மெய்யை அறியும் வழிகளை ஆராய்வதில்தான் தொடங்குகிறது. பலர் பலவாகச் சொன்ன அளவைகளை அது காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. நேரே காண்பது காட்சி. அடையாளத்தைக் கொண்டு ஊகித்தறிவது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது உரை. புரை நோய் முதல் அளவைக்குள் அடங்குகிறது. மங்கலை நோயாளியே காண்கிறார், நீங்கியதையும் அவரே காண்கிறார். அழுத்த நோயில் காட்சி கைவிடுகிறது. ஓரப் பார்வை கருகும்போது கறுப்பாக எதுவும் தெரிவதில்லை. இல்லாத இடத்தை மூளை சுற்றுப்புறத்தைக் கொண்டு நிரப்பிவிடுகிறது. ஒரு கண்ணின் குறையை மறு கண் மறைக்கிறது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு இந்த நோய் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். தமிழ்நாட்டில் நடந்த கள ஆய்வுகளில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் அது இருப்பதே தெரியாமல் இருந்தது. காட்சியில் ஐயமும் திரிபும் நேரலாம் என்று தருக்க நூல்கள் எச்சரிக்கின்றன. இங்கே நேர்வது இரண்டும் அல்ல. காணாமல் போனது காணாமல் போனதாகவே தெரியாத நிலை இது.

ஆகவே நோயாளிக்குக் கிடைப்பது கருதலும் உரையும் மட்டுமே. பார்வைப்புலச் சோதனைத் தாளில் உள்ள கறுப்புத் திட்டு ஓர் அடையாளம். மருத்துவரின் சொல் உரை. அறுவைக்குப் பிறகும் நிலைமை மாறுவதில்லை. ஐந்து ஆண்டு கழித்து அவருக்குப் பார்வை அப்படியே இருந்தால், அறுவையால் இருக்கிறதா, செய்யாமலேயே இருந்திருக்குமா என்று அந்த ஒருவரைப் பொறுத்தவரை எவராலும் காட்ட முடியாது. நன்மை கூட்டத்தில்தான் தெரியும், ஆளிடத்தில் தெரியாது. சுவீடனில் நடந்த ஓர் ஆய்வு, அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் நோய் முற்றும் ஆபத்து ஏறக்குறைய பத்து சதவீதம் குறைவதாகக் கண்டது. அது பலரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. அல்சூரில் தையல் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு அதில் தன் பங்கு எவ்வளவு என்று தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம், அறுவைக்கு முன் ஊசியில் நூல் கோக்க முடிந்தது, இப்போது முடியவில்லை என்பது. அறுவை முடிந்த சில வாரங்களுக்கு, சிலருக்கு அதற்கு மேலும், பார்வை முன்பைவிட மங்கலாக இருப்பது வழக்கம். நன்றி கிடைக்காத அறுவை இது என்று கண் மருத்துவர்கள் வேடிக்கையாகச் சொல்வதில் உண்மை இருக்கிறது.

அல்சூரில் உள்ள திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ஆம் நாள் திறக்கப்பட்டது. அதற்கு முன் பதினெட்டு ஆண்டுகள் துணி சுற்றி மூடப்பட்டே நின்றது. அதை மூடி வைத்த அரசியல் இங்கே வேண்டாம். குறளாசிரியர் மட்டும் வேண்டும். ஏனென்றால், காணாத நன்மைக்காகக் கண்ட ஒன்றைப் பணயம் வைப்பது பற்றித் தமிழில் அவரைவிடக் கறாராகக் கணக்குப் போட்டவர் இல்லை. மருந்து அதிகாரத்தை மருத்துவமனைச் சுவர்களில் எல்லாரும் எழுதி வைக்கிறார்கள். இந்தக் கேள்விக்கு அதைவிட நெருக்கமானது 47-ஆம் அதிகாரமான தெரிந்து செயல்வகை. ஒரு செயலில் இறங்குமுன் அதனால் அழிவது எவ்வளவு, ஆவது எவ்வளவு, ஆனபின் தொடர்ந்து வரும் ஊதியம் எவ்வளவு என்று மூன்றையும் எண்ண வேண்டும் என்கிறது 461-ஆம் குறள். வரப்போகும் ஆக்கத்தை நம்பி இருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்கிறது 463. அப்படியானால் பார்க்கிற கண்ணைத் தொடக்கூடாது என்று முடித்துவிடலாம். ஆனால் 435-ஆம் குறள் எதிர்ப்புறம் நிற்கிறது: வருமுன் காக்காதவன் வாழ்க்கை, நெருப்பின் முன் வைத்த வைக்கோல்போல் அழியும்.

இரண்டையும் சேர்த்து வாசித்தால் முரண் இல்லை. 463 சொல்வது லாபத்துக்காக முதலை இழப்பது; அழுத்த நோயில் லாபம் என்பதே கிடையாது, முதல் தானாகவே கரைந்துகொண்டிருக்கிறது. சும்மா இருப்பதும் இங்கே ஒரு செயல்தான், அதற்கும் ‘அழிவது’ உண்டு. ஆகவே எண்ண வேண்டியவை இரண்டு இழப்புகள்: செய்தால் வருவது, செய்யாவிட்டால் வருவது. முன்னது உடனே வரும், அதற்குப் பொறுப்பாளி ஒருவர் இருக்கிறார். பின்னது மெல்ல வரும், அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. மனித மனம் இரண்டாவதைச் சிறிதாகக் காட்டும். மருத்துவர் மனமும் அப்படித்தான். தன் கையால் நேர்ந்த கேடு உறக்கத்தைக் கெடுக்கும், தான் தொடாமல் விட்டதால் நேர்ந்த கேடு இன்னொரு மருத்துவரின் பதிவேட்டில்தான் ஏறும்.

செய்தால் வரும் இழப்பின் வரலாற்றில் ஒரு பெரிய அத்தியாயம் சென்னையில் எழுதப்பட்டது. 1819-இல் தொடங்கிய கண் மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு இடம் மாறி நிலைகொண்டது. அங்கே கண்காணிப்பாளராக இருந்த ராபர்ட் ஹென்றி எலியட் என்ற ராணுவ மருத்துவர் 1909-இல் ஒரு புதிய அறுவையை வெளியிட்டார். கருவிழியும் வெண்விழியும் சேரும் விளிம்பில் வட்டக் கத்தி ஒன்றால் சிறு துளை போட்டு, மேலே உள்ள சவ்வால் மூடிவிடுவது. நீர் அந்தத் துளை வழியே கசிந்து சவ்வின் அடியில் சேரும். எலியட் துளை அறுவை உலகெங்கும் பரவியது. 1913-இல் அதைப் பற்றி நூலும் எழுதினார். எழும்பூர் நிறுவனத்தோடு அவர் பெயர் இன்றும் ஒட்டியிருக்கிறது. குறை பின்னால் தெரிந்தது. துளைக்குக் காவல் இல்லாததால் நீர் அளவுக்கு மீறி வடிந்து கண் தளர்ந்துபோவதும், மேலே எழும் கொப்புளம் மெலிந்து ஆண்டுகள் கழித்து அதன் வழியே கிருமி உள்ளே இறங்குவதும் நேர்ந்தன. இந்த எலியட்தான் ஓய்வுக்குப் பிறகு லண்டனில் இந்தியக் கயிற்று வித்தை வெறும் கட்டுக்கதை என்று வாதாடியவர்; செய்து காட்டுங்கள் பார்க்கலாம் என்று சவால் விட்ட கூட்டத்துக்குத் தலைவர். நேரில் கண்டால்தான் நம்புவேன் என்றவரின் பெயர் நிலைத்ததோ, பயனை நேரில் காணவே முடியாத ஓர் அறுவையால்.

1968-இல் கேம்பிரிட்ஜின் ஜான் கேர்ன்ஸ் துளைக்குக் காவல் வைத்தார். வெண்விழியில் பாதித் தடிமனுக்கு ஒரு மடலைப் பிரித்து, அதன் அடியில் துளையிட்டு, மடலைத் திரும்பத் தைத்துவிடுவது. தையலின் இறுக்கம் நீரின் போக்கைக் கட்டுப்படுத்தும். டிரபெகுலெக்டமி என்ற இதுவே அரை நூற்றாண்டுக்கும் மேலாக அடிப்படை அறுவை. இதன் பகை உடலின் ஆறும் குணம். காயம் ஆறினால் வழி அடைபடும். அதைத் தடுக்கப் புற்றுநோய் மருந்தான மைட்டோமைசினைச் சில நிமிடம் அந்த இடத்தில் வைத்து எடுக்கிறார்கள். மற்ற அறுவைகளில் புண் ஆறினால் வெற்றி, இதில் ஆறாமல் இருந்தால் வெற்றி. முதல் சில வாரங்கள் நோயாளி அடிக்கடி வர வேண்டும். தையலை லேசரால் வெட்டித் தளர்த்துவது, கொப்புளத்தைச் சரிசெய்வது எல்லாம் அந்தக் காலத்தில்தான். கொப்புளம் வாழ்நாள் முழுவதும் இருக்கும், கிருமித் தொற்றின் ஆபத்தும் உடன் இருக்கும்.

குழாய் வழி 1969-இல் ஆண்டனி மோல்டெனோ வெளியிட்டது. மெல்லிய சிலிகோன் குழாயின் ஒரு முனை கண்ணுக்குள், மறுமுனை விழிக்கோளத்தின் பின்பகுதியில் தைத்து வைக்கும் தகட்டில். தகட்டைச் சுற்றி உடல் கட்டும் உறை வழியாக நீர் உறிஞ்சப்படும். பின்னால் வந்தவற்றில் இரண்டு நிலைத்தன. அகமது வால்வு அழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால்தான் திறக்கும்; ஆகவே முதல் நாளிலிருந்தே வேலை செய்யும், கண் திடீரெனத் தளர்வது குறைவு. பெர்வெல்ட் குழாயில் வால்வு இல்லை, தகடு பெரிது, 350 சதுர மில்லிமீட்டர். அதைக் கரையும் நூலால் கட்டி வைக்கிறார்கள்; சுமார் ஐந்து, ஆறு வாரத்தில் நூல் கரைந்தபின்தான் நீர் ஓடும். இரண்டையும் ஒப்பிட்ட இரு பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐந்தாண்டு முடிவில் சராசரி அழுத்தம் அகமதில் 15.8, பெர்வெல்டில் 13.2, தோல்வி 49 சதவீதமும் 37 சதவீதமும். அதே வேளையில் அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிக் கண் கெட்டவர்கள் பெர்வெல்டில் அதிகம். குறைவாகச் செய்து பத்திரமாக இருப்பதா, நன்றாகச் செய்து ஆபத்தை ஏற்பதா என்ற பழைய கேள்விதான், சிலிகோன் வடிவில். குழாய்க்கென்று தனிக் கேடுகளும் உண்டு: கருவிழியின் உள்ளடுக்கு நாளடைவில் பழுதாவது, இரட்டைப் பார்வை, குழாய் சவ்வைத் துளைத்து வெளியே தெரிவது.

மடலா, குழாயா என்பதற்கு முதல் வலுவான விடை 2012-இல் ஓர் ஆய்வின் ஐந்தாண்டு முடிவுகளோடு வந்தது. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 17 மையங்களில் 212 பேர். எல்லாரும் ஏற்கெனவே புரைக்கோ அழுத்தத்துக்கோ அறுவை ஆனவர்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஒருவரின் கண்ணைக் குலுக்கலுக்கு விடுவது தகுமா என்று கேட்பது நியாயம். தமிழருக்குக் குலுக்கல் புதிதல்ல. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஊராள்வோரைக் குடவோலையால் தேர்ந்த முறையை விரித்துச் சொல்கின்றன. அங்கே குலுக்கலை நியாயமாக்கியவை இரண்டு. ஓலையில் பெயர் ஏறுவதற்குத் தகுதி வரையறுக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களுக்கு இடையே தேர்வதில் எவர் விருப்பமும் புகக்கூடாது. மருத்துவக் குலுக்கலும் அதே இரண்டு நிபந்தனையில் நிற்கிறது. எது மேல் என்று மருத்துவ உலகுக்கு உண்மையாகவே தெரியாதிருக்க வேண்டும். தெரியாது என்பது நோயாளிக்கும் சொல்லப்பட்டிருக்க வேண்டும். இந்த இரண்டும் இருந்தால், ஒரே மருத்துவரின் பழக்கத்துக்குத் தன் கண்ணை ஒப்படைப்பதைவிடக் குலுக்கல் தாழ்ந்ததல்ல. முன்னதும் ஒருவகைக் குலுக்கல்தான், ஓலை மட்டும் மறைவாக இருக்கிறது.

முடிவு குழாய்க்குச் சாதகம். ஐந்தாண்டில் தோல்வி குழாயில் 29.8 சதவீதம், மடலில் 46.9. மீண்டும் அறுவை தேவைப்பட்டவர்கள் 9 சதவீதம், 29 சதவீதம். அழுத்தத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அதிகம் பேசப்படாத எண் இன்னொன்று உண்டு: இரு குழுவிலும் பாதிக்குச் சற்றுக் குறைவானோர் பார்வை அட்டையில் இரண்டு வரிகளோ அதற்கு மேலோ இழந்தார்கள். காரணம் பல, எல்லாமே அறுவையால் அல்ல. ஆனால் வெற்றி என்று நூல்கள் எழுதுவது அழுத்தத்தின் வெற்றியை; நோயாளி வெற்றி என்று நினைப்பது வேறு.

முன்பு கத்தி படாத கண்களில் பிறகு நடந்த ஆய்வு கதையைத் திருப்பியது. 242 பேரில், முதலாண்டுத் தோல்வி குழாயில் 17.3 சதவீதம், மடலில் 7.9. ஆனால் பார்வையைப் பாதிக்கும் அல்லது மறு அறுவை கோரும் கடுமையான சிக்கல்கள் மடலில்தான் அதிகம். ஐந்தாண்டு முடிவில், 2022-இல், தோல்வி குழாயில் 42 சதவீதம், மடலில் 35. புள்ளியியல்படி அது வேறுபாடே அல்ல. மடல் போட்டவர்களுக்குச் சொட்டு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது. அண்மைக் காலத்தில் வந்த நுண்குழாய்கள் அறுவையைச் சிறிதாக்கின. ஒன்றை டிரபெகுலெக்டமியோடு ஒப்பிட்ட ஆய்வில், ஓராண்டு வெற்றி நுண்குழாயில் 53.9 சதவீதம், டிரபெகுலெக்டமியில் 72.7. அழுத்தம் மிகக் கீழே இறங்க வேண்டியவருக்கு அவை இப்போதைக்குப் போதா.

இந்த ஆய்வுகள் எதிலும் விலை ஒரு காரணியாக இல்லை. இங்கே விலை நீதியைத் தொடும் விஷயம். இறக்குமதிக் குழாய் எட்டாத விலையில் இருந்தவரை, ஏழை நோயாளிக்கு எது சிறந்தது என்ற கேள்வி எழவே இல்லை. மடல் தோற்றால் இன்னொரு மடல், அதுவும் தோற்றால் சுரக்கும் திசுவைச் சுட்டு நீர்வரத்தைக் குறைப்பது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய கோ. வெங்கடசாமி, ஸ்ரீ அரவிந்தரின் வழி நின்றவர். தொண்டு செய்வதையே சாதனையாகக் கொண்டவர். அந்த அமைப்பின் ஆரோலேப் 1992-இல் கண்ணுக்குள் வைக்கும் வில்லைகளைக் குறைந்த விலையில் செய்யத் தொடங்கியது. பின்பு பெர்வெல்ட் வடிவத்தைப் பின்பற்றி, வால்வில்லாத 350 சதுர மில்லிமீட்டர் குழாய் ஒன்றைச் செய்தது. 2013 முதல் புழக்கத்தில் இருக்கும் அதன் விலை ஏறக்குறைய 50 டாலர். இறக்குமதியானவை அதைப்போலப் பல மடங்கு. ஒரு பொருள் மலிவானதால் ஓர் அறக் கேள்வி புதிதாக முளைத்த இடம் இது. தேர்வே இல்லாத இடத்தில் மருத்துவர் தேர்ந்ததற்குப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. தேர்வு வந்துவிட்ட பிறகு, பழக்கத்தால் மடலையே போட்டுக்கொண்டிருப்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இத்தனையும் கேட்ட பிறகு, எல்லாம் வினைப்பயன் என்று சொல்லி எழுந்துபோகும் நோயாளிகள் உண்டு. அந்தச் சொல்லை அறியாமை என்று தள்ளுவது சோம்பல். நுகர்ந்தே தீர வேண்டிய பிராரத்த வினை என்பது சைவ சித்தாந்தத்தின் கொள்கை. ஊழைவிட வலியது எது என்று வள்ளுவரும் 380-ஆம் குறளில் கேட்கிறார். கேட்க வேண்டியது வேறு: பார்வை போவது வினை என்றால், அதைத் தடுக்க முயல்வது வினைக்கு எதிரா? சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இதற்கு நேரான கதை இருக்கிறது. திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த சூளுறவை மீறி எல்லை கடந்த சுந்தரர் இரு கண்ணும் இழக்கிறார். தண்டனை தகும் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. ஆனாலும் அடங்கி உட்காரவில்லை. திருவெண்பாக்கத்தில் கேட்டு ஊன்றுகோல் பெறுகிறார், காஞ்சியில் கேட்டு ஒரு கண், ஆரூரில் கேட்டு மறு கண். காரணம் தன் பிழையே என்று ஒப்புக்கொண்டவர்தான் ஊர் ஊராகப் போய்ப் பரிகாரம் கேட்கிறார். கேட்டதற்காக அவரைச் சேக்கிழார் குறை சொல்லவில்லை. நோய்க்குக் காரணம் வினை என்று நம்புவதும் மருத்துவமனைப் படி ஏறுவதும் அந்த மரபுக்குள்ளேயே உடன் நிற்க முடியும். ஊழையும் புறங்காண்பர் என்று 620-ஆம் குறள் சொல்வது, உலைவின்றித் தாழாது முயல்பவர்களைப் பற்றி. ஊழ் வலிது என்றவரும் முயற்சி அதை வெல்லும் என்றவரும் ஒருவரே.

வினையை நம்பாதவர்களிடமும் இதே மனநிலை வேறு பெயரில் வாழ்கிறது. வயதாகிவிட்டது, இனி என்ன என்பது அது. இதில் பாதி சரி. எண்பது வயதில், தொடக்க நிலை நோயோடு, இரு கண்ணும் தெரிகிற ஒருவர் பார்வை இழப்பதற்கு முன்பே இயல்பாக இறந்துவிடலாம். வரப்போகாத இருட்டைத் தடுக்க அவர் கண்ணில் கத்தி வைப்பது 463-ஆம் குறள் கண்டித்த செயலேதான். நாற்பத்தைந்து வயதில் அதே நோய் இருப்பவரின் கணக்கு வேறு; அவருக்கு இன்னும் நாற்பது ஆண்டுகள் தேவை. நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் பார்க்கச் சொல்லும் 949-ஆம் குறளில் காலம் என்பதற்கு இங்கே இப்படியும் பொருள் கொள்ளலாம்: இனி இருக்கும் காலம். முற்றிய நோயிலும் எண்கள் அவசரப்படுத்துவதில்லை. முற்றிய நிலையில் கண்டறியப்பட்ட 453 பேரை வைத்துப் பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், உடனே அறுவை செய்தவர்களின் அழுத்தம் இரண்டாண்டில் 12.4, சொட்டு மருந்தில் இருந்தவர்களுக்கு 15.1. வாழ்க்கைத் தரத்தில் இரு பக்கமும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் சொட்டு மருந்து ஒவ்வொரு மாதமும் வாங்க வேண்டியது, ஒவ்வொரு நாளும் விட வேண்டியது. அரசே மருந்தின் பொறுப்பை ஏற்கும் நாட்டின் முடிவை, மாதச் சம்பளத்தில் மருந்துக்குப் பணம் ஒதுக்க வேண்டியவருக்கு அப்படியே பொருத்த முடியாது.

மிகக் கடினமானது ஒற்றைக் கண் நோயாளியின் நிலை. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது; மறு கண்ணில் நடுவே சிறு வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அறுவையில் அந்த வட்டமும் திடீரென அணைந்துவிடுவது அரிதாக நேர்கிறது. செய்யாவிட்டால் அது அணைவது ஏறக்குறைய உறுதி, எப்போது என்பதுதான் தெரியாது. வால்வுள்ள குழாயை இங்கே பல மருத்துவர்கள் விரும்புவதற்குக் காரணம், அழுத்தம் பாதாளத்துக்கு விழும் வாய்ப்பு அதில் குறைவு. இந்த நிலையில் முடிவை நோயாளிதான் எடுக்க வேண்டும். மருத்துவர் தன் விருப்பத்தைச் சொல்லலாம், திணிக்கக் கூடாது. இன்னும் ஓராண்டு பேரக்குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று ஒருவர் சொன்னால், அது கணக்குத் தெரியாத பேச்சல்ல. 461-ஆம் குறளின் மூன்று இனங்களையும் தனக்குரிய விலையில் எண்ணிப் பார்த்த பேச்சு அது.

அப்படி எண்ண முடிய வேண்டுமானால் செய்தி அவர் மொழியில் போய்ச் சேர வேண்டும். தமிழ் மட்டுமே வாசிக்கத் தெரிந்த அல்சூர் முதியவர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைப்பது சட்டத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், அறத்துக்குப் போதாது. உடன் வந்த மகன் இரண்டு வாக்கியத்தில் மொழிபெயர்க்கிறார்: கண்ணுக்குள் தண்ணீர் கட்டியிருக்கிறது, எடுத்துவிடுவார்கள். பார்வை அதிகரிக்காது, சில காலம் குறையலாம் என்ற ஒரே முக்கியமான செய்தி அதில் விட்டுப்போகிறது. உற்றவன், தீர்ப்பவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து பார்ப்பவனையும் மருத்துவத்தின் நான்காம் உறுப்பாக 950-ஆம் குறள் எண்ணியது. அந்த நான்காமவரிடம்தான் பெரும்பாலும் உண்மை நழுவுகிறது.

எண்களும் நியாயங்களும் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு இடம் கொடுக்கின்றன. முன்பு கத்தி படாத கண், அழுத்தம் மிகக் கீழே போக வேண்டிய நோய், முதல் இரண்டு மாதம் தவறாமல் வரக்கூடிய நோயாளி: இவருக்கு டிரபெகுலெக்டமி. ஒருமுறை தோற்ற கண், தழும்பேறிய சவ்வு, அடிக்கடி வர முடியாத தொலைவு அல்லது வேலை: இவருக்குக் குழாய். கூலி வேலைக்குப் போகிறவர் வாரம் இருமுறை விடுப்பு எடுக்க மாட்டார் என்று தெரிந்தே அவருக்கு மடல் போட்டு, பின்பு அவர் வரவில்லை என்று பதிவேட்டில் எழுதுவது மருத்துவத் தவறு மட்டுமல்ல, அறத் தவறும். ஆய்வு எண்ணில் ஓரளவு பின்தங்கிய அறுவையும், அந்த ஆளின் வாழ்க்கையில் நிற்குமானால், அவருக்கு அதுவே மேல். படிவத்தில் கையெழுத்திடுமுன் நோயாளி மூன்றைக் கேட்க வேண்டும்: செய்யாமல் விட்டால் என் வயதுக்குள் என்ன ஆகும், செய்தபின் எத்தனை முறை வர வேண்டும், இந்த இரண்டில் எதை நீங்கள் அதிகம் செய்திருக்கிறீர்கள். இவற்றுக்குத் தமிழில் விடை கிடைக்கும்வரை கையெழுத்தை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இருக்கிறது.